தடி, கட்டை, கதை: ஆங்கிலத்தில் எதற்கு எந்தச் சொல்?

கேள்வி இது. கோலாலம்பூரில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் இருக்கும் ஒருவருக்கு, கிளப், கட்ஜெல், பிளட்ஜன், ட்ரன்ச்சன், பேட்டன், மேஸ் எதைத் தேடினாலும் அகராதி ‘தடி’, ‘குண்டாந்தடி’, ‘கதை’ (கதாயுதம்) என்ற மூன்றையே மாற்றி மாற்றித் தருகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இவற்றில் எதை எடுப்பது? இன்றைக்குப் புழங்குபவை எவை, கதைப் புத்தகத்தோடு நின்றுவிட்டவை எவை?

பொருளின் வடிவத்தை மட்டும் பார்த்தால் இந்தச் சொற்கள் பிடிபடாது. எடை எந்த முனையில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, அடிப்பதற்கென்றே செய்ததா அல்லது வேறு வேலைக்குச் செய்ததைத் தூக்கி அடித்தார்களா என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இவற்றிலும் இரண்டாவதுதான் பெரும்பாலும் தீர்ப்பைச் சொல்லும். ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள உருண்டைக் கட்டை போலீஸ்காரர் இடுப்பில் இருந்தால் பேட்டன்; சண்டைக்காரன் கையில் இருந்தால் கிளப்; ஓட்டப்பந்தயக்காரி கையில் கொடுத்தால் மறுபடியும் பேட்டன்.

கிளப் என்பதுதான் பொதுச்சொல். கைப்பிடிப் பக்கம் மெலிந்து, அடிக்கும் பக்கம் பருத்திருக்கும் கட்டை. கோல்ஃப் விளையாட்டின் மட்டைக்கும் அதனால்தான் அந்தப் பெயர். தமிழ்ச் செய்தியில் வரும் ‘உருட்டுக்கட்டை’க்கு ஆங்கிலத்தில் ‘உடன் கிளப்’, அதாவது மரத்தாலான கிளப், சரியாக உட்காரும். இதைச் சிலர் ‘லாக்’ என்று எழுதிவிடுகிறார்கள். லாக் என்றால் வெட்டிப்போட்ட அடிமரத் துண்டு, லாரியில் ஏற்றுவது. அதைத் தூக்கிக்கொண்டு ஒருவரைத் துரத்த முடியாது.

கிளப் என்ற சொல்லுக்குக் கிளைகள் அதிகம், அதில்தான் குழப்பமும். சங்கம் என்ற பொருளும் இதே சொல்லிலிருந்து வந்ததே: ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒன்றுசேர்வதை ‘கிளப் டுகெதர்’ என்பார்கள், இன்றும் அப்படிச் சொல்லலாம். சீட்டுக்கட்டில் நாம் ‘கிளாவர்’ என்று சொல்லும் மூவிலைப் பூவை ஆங்கிலேயர்கள் கிளப்ஸ் என்கிறார்கள். படம் பிரெஞ்சுக்காரர்களின் மூவிலை. பெயரோ இத்தாலிய, ஸ்பானிய சீட்டுகளில் அந்த இடத்தில் இருந்த தடியின் பெயர். படத்தைப் பார்த்தால் நம் ஆட்கள் வைத்த பெயர்தான் பொருத்தம். வினைச்சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். ‘ஹீ வாஸ் கிளப்ட்’ என்றால் தடியால் அடிபட்டான். ‘ஹீ வென்ட் கிளப்பிங்’ என்றால் சனிக்கிழமை இரவு சங்காட் புக்கிட் பிந்தாங் பக்கம் ஆடப் போனான். ‘ங்’ சேர்ந்ததும் கேளிக்கை விடுதி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. ஆகவே தாக்குதல் செய்தித் தலைப்பில் அந்த வடிவத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

கட்ஜெல் குட்டையான, தடித்த தடி. இன்று யாரும் அதைக் கையில் வைத்திருப்பதாக எழுதுவதில்லை. எழுதினால் நூற்றைம்பது வருடப் பழைய வாசம் அடிக்கும். ஆனால் ‘டேக் அப் தி கட்ஜெல்ஸ்’ என்ற தொடர் உயிரோடு இருக்கிறது. ஒருவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுவது என்று பொருள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு இடிபடும்போது ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்காகக் குரல் கொடுத்தால் இந்தத் தொடரைப் பயன்படுத்தலாம். தமிழில் அங்கே தடியே வரக் கூடாது. ‘அவர்களுக்காகத் தடியைத் தூக்கினார்’ என்று எழுதினால் போலீஸ் தேடி வரும்.

பிளட்ஜன் இதற்கு நேர்மாறு. பெயர்ச்சொல்லாகக் கிட்டத்தட்ட ஓய்வுபெற்றுவிட்டது, வினைச்சொல்லாகத்தான் வேலை செய்கிறது. கனமான ஒன்றால் திரும்பத் திரும்ப, பெரும்பாலும் தலையில், அடிப்பதைக் குறிக்கும். ஒரே அடி விழுந்திருந்தால் இதை எழுதக் கூடாது. மெல்லிய பிரம்பால் எத்தனை அடி விழுந்தாலும் இது பொருந்தாது. ‘பிளட்ஜன்ட் டு டெத்’ என்ற தொடரை ஆங்கிலச் செய்தியில் பார்த்தால் ‘தடியால் அடித்துக் கொல்லப்பட்டார்’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். அது சுத்தியலாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், இரும்புக் குழாயாக இருக்கலாம். இந்த வினை அடியின் கனத்தைத்தான் சொல்கிறதே ஒழிய, பொருளைச் சொல்லவில்லை. பொருள் அடுத்த வரியில் ‘வித்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும். இல்லையென்றால் தமிழில் ‘பலமாகத் தாக்கி’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

போலீஸ் கையில் இருப்பது தனிக் குடும்பம். ட்ரன்ச்சன் என்பது பிரிட்டனின் பழைய மரத்தடி. 1829இல் லண்டன் பெருநகரப் போலீஸ் தொடங்கிய காலத்திலிருந்து அவர்களுடைய அடையாளம். 1990களில் நீட்டி மடக்கும் உலோகத் தடிகளும் பக்கப்பிடி வைத்த தடிகளும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆகவே இன்றைய செய்தியில் ட்ரன்ச்சன் என்று எழுதினால் ஆங்கில வாசகருக்குப் பழைய ஹெல்மெட் தொப்பிக் கான்ஸ்டபிள் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் அதே பொருளுக்கு ‘நைட்ஸ்டிக்’ அல்லது ‘பில்லி கிளப்’. ஒரு பக்கத்தில் குறுக்குப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் தடி ஜப்பானின் ஒகினாவா தீவின் டோன்ஃபாவிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘சைட்-ஹேண்டில் பேட்டன்’. கையை உதறினால் உள்ளிருந்து குழாய் குழாயாக நீண்டு இறுகிக்கொள்வது ‘எக்ஸ்பாண்டபிள் பேட்டன்’. 16, 21, 26 அங்குல அளவுகளில் வழக்கமாகக் கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து, எந்த நாட்டு வாசகருக்கும் புரியும் ஒரே சொல் பேட்டன்தான். நம் ஊரில் மலாயில் ‘சோத்தா’ அல்லது ‘பெலந்தான்’ என்று வருவதை ஆங்கிலத்தில் பேட்டன் என்றே போடலாம். தமிழில் குண்டாந்தடி என்றோ, லத்தி என்றோ. லத்தி என்று ஆங்கிலத்தில் எழுதினால் இந்திய வாசகர்களுக்குப் பழகிய சொல், ‘லத்தி சார்ஜ்’ அங்கே அன்றாடச் செய்தி. ஆனால் நம் மலாய், சீன நண்பர்கள் முழிப்பார்கள். அத்துடன் இந்திய லத்தி ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும் மூங்கில் கம்பு. நம் போலீஸ்காரர் இடுப்பில் தொங்குவது அது அல்ல. ‘தடியடி நடத்தினர்’ என்பதற்கு ‘பேட்டன் சார்ஜ்’. ஒரு பொறி: ‘பேட்டன் ரவுண்ட்’ என்று வந்தால் அது தடி இல்லை, கூட்டத்தைக் கலைக்கச் சுடும் பிளாஸ்டிக் குண்டு.

உச்சரிப்பையும் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ்காரர்கள் முதல் அசையை அழுத்தி ‘பேட்டன்’ என்பார்கள்; அமெரிக்கர்கள் இரண்டாவது அசையை அழுத்தி ‘பட்டான்’ என்பார்கள். இசைக்குழு நடத்துநர் கையில் இருக்கும் மெல்லிய குச்சியும் தொடரோட்டக் கட்டையும் இதே சொல்தான். தொடரோட்டக் கட்டை 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் குறைந்தது 50 கிராம் எடையும் உள்ள வெறும் குழாய். பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பதை ‘பாஸ் தி பேட்டன்’ என்பது அதிலிருந்து வந்தது. சங்கத் தலைவர் மாறும் செய்தியில் இதைத் தாராளமாகப் போடலாம், தேய்ந்துபோன தொடர் என்றாலும்.

மறைத்து வைத்திருந்து அடிப்பவை அடுத்த வகை. கோஷ் என்பது பிரிட்டிஷ் பேச்சுச்சொல்: கையடக்கமான, கனமான தடி. பிளாக்ஜாக் அமெரிக்கச் சொல்: தோலுக்குள் ஈயக்கட்டியை வைத்துத் தைத்து, வளையும் கழுத்தோடு செய்தது. கெந்திங் மலையில் விளையாடும் சீட்டாட்டத்துக்கும் இதே பெயர் என்பதால், வாக்கியத்தில் சுற்றியுள்ள சொற்களைப் பார்த்தே எது என்று முடிவு செய்ய வேண்டும். விரல்களில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு குத்தும் உலோகத் துண்டு பிரிட்டனில் ‘நக்கிள்டஸ்டர்’, அமெரிக்காவில் ‘பிராஸ் நக்கிள்ஸ்’. பித்தளையில்தான் செய்திருக்க வேண்டும் என்றில்லை. கோஷ் என்ற சொல்லைப் பார்த்தே இராதவர்களும் ‘அண்டர் தி கோஷ்’ என்பதை வாரந்தோறும் கேட்கிறார்கள், மாமாக் உணவுக்கடையில் பிரிமியர் லீக் கால்பந்தாட்டம் ஓடும்போது. எதிரணி தொடர்ந்து நெருக்க, தற்காப்பு திணறுகிறது என்று வர்ணனையாளர் சொல்லும் தொடர் அது. தமிழில் ‘நெருக்கடியில் சிக்கித் தவிக்கிறது’ போதும்.

மேஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழர்கள் அதிகம் தடுமாறும் சொல் இதுதான்.

முதலில் ஆயுதம். தடியின் முனையில் உலோகத் தலை, பெரும்பாலும் தகடு தகடாகப் பிரிந்த விளிம்புகளோடு. ஐரோப்பாவில் போர்வீரர்கள் உடல் முழுக்க இரும்புக் கவசம் அணியத் தொடங்கியபின் வாள்வெட்டு வழுக்கிக்கொண்டு போனது. கவசத்தைக் கிழிக்காமலேயே உள்ளே இருக்கும் எலும்பை நொறுக்க மேஸும் போர்ச்சுத்தியலும் பயன்பட்டன. அனுமான், பீமன் கையில் இருக்கும் கதாயுதத்துக்கு ஆங்கிலத்தில் மேஸ் என்று எழுதுவது இதனால்தான் பொருந்துகிறது. முனையில் கனமான உருண்டைத் தலை இருக்கிறது. அதையே கிளப் என்றால் காட்டுவாசி கையில் இருக்கும் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும்.

தண்டாயுதம் அப்படி இல்லை. பினாங்கில் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் பெயரைத் தைப்பூசக் கையேடுகளில் ஆங்கிலத்தில் விளக்க வருபவர்கள் ‘ஆயுதம்’ என்ற பாதியைப் பிடித்துக்கொண்டு மேஸ் என்றோ கிளப் என்றோ போட்டுவிடுகிறார்கள். பழநியாண்டவர் கையில் இருப்பது ஆண்டியின் கோல். தலை பருத்திருக்கவில்லை, ஊன்றிக்கொள்ளும் நீண்ட தண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டாஃப்’ என்பதே சொல். துறவி, மேய்ப்பன், வழிப்போக்கன் ஆகியோர் கையில் இருக்கும் உயரமான கோலுக்கு அதுதான் பெயர், அதில் மரியாதையும் இருக்கிறது. அதே கையேட்டில் வேல் வந்தால் ‘ஸ்பியர்’ அல்லது ‘லான்ஸ்’. அது கூர்மையான ஆயுதம் என்பதால் இந்தக் கட்டுரையின் கணக்கில் வராது.

இரண்டாவது, சடங்குக் கோல். நாடாளுமன்றத்தில் சபாநாயகர் வரும்போது முன்னால் எடுத்துவரும் அலங்காரத் தண்டு ஆங்கிலத்தில் மேஸ், மலாயில் ‘சொக்மார்’. மாமன்னர் அரியணை அமரும் விழாவின் அரச சின்னங்களிலும் சொக்மார் உண்டு. பல பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு ஊர்வலத்திலும் ஒன்று முன்னே போகும். தமிழில் இதைக் கதை என்றோ கதாயுதம் என்றோ எழுதினால் நகைச்சுவையாகிவிடும். ‘செங்கோல்’ என்பதே நம் பத்திரிகைகளுக்குப் பழகியது. ஆங்கிலத்தில் செங்கோலுக்கு ‘செப்டர்’ என்று தனிச்சொல் இருந்தாலும், திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது நாடாளுமன்றச் செங்கோல் மேஸ்தான், செப்டர் இல்லை. செப்டர் அரசரே கையில் பிடிப்பது. மேஸை அவருக்காக இன்னொருவர் சுமப்பார்.

மூன்றாவது, மளிகைக்கடை மேஸ். ஜாதிக்காய்க் கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலையாகப் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரி. பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய் வாங்குபவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றேயானாலும் ஆயுதத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. வேறு வேறு பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்து ஆங்கிலத்தில் ஒரே வடிவத்தில் முடிந்தவை. கணினி மொழிபெயர்ப்பு சமையல் குறிப்பில் ‘கதாயுதம் 2 கிராம்’ என்று போட்டால் காரணம் இதுதான். நான்காவதாக, 1960களின் நடுவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கண்ணெரிச்சல் தெளிப்பானின் வணிகப் பெயர். அங்கிருந்து ‘ஹீ வாஸ் மேஸ்ட்’ என்றால் முகத்தில் தெளிப்பான் அடித்தார்கள் என்று பொருள். அமெரிக்கச் செய்தியில் இந்த வினை வந்தால் கதையால் அடித்ததாக எழுதிவிடாதீர்கள்.

மற்ற இடைக்காலப் பெயர்களுக்கு அதிக இடம் வேண்டாம், கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகள் அவற்றை நம்மைவிட நன்றாக அறிவார்கள். தண்டின் முனையில் முள்பந்து அசையாமல் பொருத்தியிருந்தால் ‘மார்னிங் ஸ்டார்’. சங்கிலியோ கீலோ இடையில் இருந்து தலை ஆடினால் ‘ஃபிளெய்ல்’. இரண்டையும் மாற்றிப் போடுவது ஆங்கிலேயர்களிடமே சகஜம். ஃபிளெய்ல் முதலில் கதிரடிக்கும் கருவி: நீண்ட கைப்பிடி, அதன் முனையில் தொங்கும் குட்டைக் கட்டை. நெல்லை மாடு கட்டிப் போரடித்த நமக்கு அதற்கு நேரான பெயர் கைவசம் இல்லை. ‘கதிரடிக்கும் கோல்’ என்று விளக்கிவிடுவதே நேர்மை. இதன் வினைச்சொல்தான் இன்றைக்கு அதிகம் கண்ணில் படும்: நீச்சல் தெரியாதவர் தண்ணீரில் கைகாலைத் தாறுமாறாக வீசுவது ‘ஃபிளெய்ல்’. எழுத்தில் கடைசிப் பகுதி பிசகினால் தோலை உரிப்பது என்ற பொருளுள்ள ‘ஃபிளே’ ஆகிவிடும், ஓர் எழுத்து விட்டுப்போனால் தோல்வியடைவது என்ற ‘ஃபெய்ல்’ ஆகிவிடும்.

இங்கிலாந்தின் நீண்ட கம்புச் சண்டைக்கு உரியது ‘குவார்ட்டர்ஸ்டாஃப்’. ஆறடிக்குக் குறையாத கம்பு. சிலம்பத்தை அறிமுகப்படுத்தும்போது அந்தச் சொல்லை இரவல் வாங்க வேண்டியதில்லை. சிலம்பம் என்றே எழுதி, தமிழர்களின் ‘ஸ்டாஃப்’ சண்டைக் கலை என்று ஒரு முறை விளக்கினால் போதும். ‘ஸ்டிக் ஃபைட்டிங்’ என்றும் சொல்லலாம். ஆனால் ஸ்டிக் என்றால் ஒரு கையில் சுழற்றும் குச்சியும் ஆகும்; ஆள் உயரக் கம்பு என்ற படம் வராது.

இனி உண்மையில் செய்திகளில் வருபவை. நம் ஊர் நெடுஞ்சாலைச் சண்டைகளில் மேஸும் வருவதில்லை, கட்ஜெலும் வருவதில்லை. வருபவை ஸ்டீயரிங் பூட்டு, தலைக்கவசம், பேஸ்பால் மட்டை, இரும்புக் குழாய், நாற்காலி. வேறு வேலைக்குச் செய்த பொருள்கள். இவற்றை மொழிபெயர்க்கும்போது பொருளின் பெயரை அப்படியே சொல்லிவிடுவதுதான் ஒரே வழி. ‘ஆயுதத்தால் தாக்கினார்’ என்று பொதுவாக்கினால் வாசகர் கத்தியை நினைத்துக்கொள்வார்.

போலீஸ் அறிக்கை மலாயில் வரும்போது இரண்டு சொற்கள் சிக்கல் தரும். ஒன்று ‘காயு’. மரம், மரத்துண்டு, கம்பு எல்லாம் அதில் அடக்கம். அறிக்கையில் வேறு விவரம் இல்லையென்றால் ஆங்கிலத்தில் ‘எ பீஸ் ஆஃப் உட்’ என்று நிறுத்த வேண்டும். கிளப் என்றோ பிளாங்க் என்றோ நாமாக வடிவம் கொடுக்கக் கூடாது. ‘காயு பேஸ்பால்’ என்றிருந்தால் அது பேஸ்பால் மட்டை, மரத்துண்டு அல்ல. இன்னொன்று ‘பெசி’. வெறும் பெசி என்றால் ‘எ மெட்டல் ஆப்ஜெக்ட்’; ‘பாத்தாங் பெசி’ என்றால் ‘அயர்ன் ராட்’; ‘பாய்ப் பெசி’ என்றால் குழாய். தமிழிலும் ஒரு பொறி உண்டு. நம் ‘கம்பி’ மெல்லிய வயரையும் குறிக்கும், தடித்த ராடையும் குறிக்கும். ‘இரும்புக் கம்பியால் தாக்கினர்’ என்பதை வயர் என்று மொழிபெயர்த்தால் சம்பவமே வேறாகிவிடும்: ராடால் அடிப்பார்கள், வயரால் கழுத்தை நெரிப்பார்கள். சுத்தியல் ‘ஹேமர்’, சம்மட்டி ‘ஸ்லெட்ஜ்ஹேமர்’, மரத்தலை வைத்தது ‘மேலட்’. இவற்றில் குழப்பம் இல்லை.

சட்டத்தின் வாசகம் இந்த இடத்தில் உதவும். மலேசியக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 324ஆம் பிரிவு ஆயுதத்தால் காயம் விளைவிப்பதைப் பற்றியது. சுடவோ குத்தவோ வெட்டவோ பயன்படும் கருவி என்று அது பட்டியலிடுகிறது. தடி அந்த மூன்றிலும் இல்லை. ஆனால் அதை அடுத்து, தாக்கும் ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. இரும்புக் குழாயும் ஸ்டீயரிங் பூட்டும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. வெறும் கையால் அடித்தால் பெரும்பாலும் 323. ஆகவே குற்றப்பத்திரிகையில் பொருளின் பெயர் அலங்காரத்துக்காக நிற்பதில்லை. தண்டனையின் அளவே அதைச் சார்ந்தது. அதை மொழிபெயர்ப்பவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

பொருள் என்னவென்று தெரியாதபோது வருவது ‘பிளன்ட் ஆப்ஜெக்ட்’, மலாயில் ‘ஒப்ஜெக் தும்புல்’. தமிழில் பலர் ‘மழுங்கிய ஆயுதம்’ என்று எழுதுகிறார்கள். மழுங்கியது என்றால் முன்பு கூராக இருந்து தேய்ந்துபோனது என்று தொனிக்கிறது. பிளன்ட் என்பது இங்கே கூர்முனையோ வெட்டும் விளிம்போ இல்லாதது என்று மட்டுமே சொல்கிறது. ‘கூர்மையற்ற கனமான பொருள்’ என்பது நீளம் என்றாலும் தவறில்லாதது. ‘பிளன்ட் இன்ஸ்ட்ருமென்ட்’ என்பதும் இதே பொருளில் வரும். ஆனால் பொருளாதாரப் பக்கத்தில் அது வந்தால் கொலைக்குச் சம்பந்தமில்லை: மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வட்டி விகிதத்தை ‘பிளன்ட் இன்ஸ்ட்ருமென்ட்’ என்று ஒருவர் விமர்சித்தால், விலைவாசியை மட்டும் குறிபார்க்க முடியாமல் வீட்டுக்கடன்காரர், சிறுதொழில்காரர் எல்லாரையும் சேர்த்துத் தாக்கும் கருவி என்கிறார்.

மருத்துவ அறிக்கையில் இந்த வேறுபாடு இன்னும் கறார். கூரான விளிம்பு உண்டாக்கும் காயம் ‘இன்சைஸ்ட் ஊண்ட்’, வெட்டுக்காயம். ஓரங்கள் சீராக இருக்கும். தடியோ கல்லோ பட்டுத் தோல் கிழிவது ‘லேசரேஷன்’. ஓரங்கள் பிய்ந்து சிராய்த்திருக்கும், காயத்தின் உள்ளே திசு இழைகள் அறுபடாமல் குறுக்கே பாலம் போட்டிருக்கும். லேசரேஷனை ‘வெட்டுக்காயம்’ என்று தமிழில் எழுதுவது பரவலான பிழை, விளைவும் பெரியது: தடியால் அடித்ததாகச் சாட்சி சொல்ல, அறிக்கையின் தமிழாக்கம் கத்தியைச் சொல்லும். ‘கிழிகாயம்’ என்று எழுத வேண்டும். தலை போன்ற இடங்களில் எலும்புக்கு மேல் தோல் இறுக்கமாக இருப்பதால், தடியடியிலும் தோல் நேர்கோட்டில் பிளந்து வெட்டு மாதிரியே தெரியும். அங்கே கண்ணால் பார்த்ததை வைத்து எழுதாமல் மருத்துவர் எழுதிய சொல்லைப் பின்பற்றுங்கள். உருண்டைக் கம்பு முதுகில் பட்டால் நடுவில் வெளிறிய பட்டையும் இரு பக்கமும் இணையாக இரண்டு சிவப்புக் கோடுகளும் விழும். இதற்கு ‘ட்ராம்லைன் புரூஸ்’ என்று பெயர். இரண்டு கோடு என்பதால் இரண்டு அடி என்று கணக்கிடக் கூடாது, ஒரே அடிதான். அழுத்தத்தில் ரத்தம் இரு பக்கமும் தள்ளப்பட்டு விளிம்புகளில் கசிவதால் அப்படி.

வினைச்சொற்களுக்கு வருவோம், அன்றாட ஆங்கிலத்தில் பெயர்களைவிட இவைதான் முக்கியம். ‘ஹிட்’ பொதுவானது. ‘ஸ்டிரைக்’ எழுத்து நடை, பெரும்பாலும் ஒரு அடி. ‘பீட்’ பல அடி. ‘பேட்டர்’ விடாமல் அடித்து உருக்குலைப்பது. பீசாங் கோரெங் மாவுக் கரைசலும் 2021க்குப் பிறகு கிரிக்கெட் விதிகளின் மட்டையாளரும் இதே சொல். ‘பம்மல்’ முஷ்டியால் குத்துவது, கையில் தடி இருந்தால் பொருந்தாது. ‘ஸ்லாஷ்’ கூர்விளிம்பு இருந்தால் மட்டுமே. பாராங் கத்தியின் பின்புறத்தால் அடித்தால் அது ஸ்லாஷ் ஆகாது, ‘ஹிட் வித் தி பிளன்ட் எட்ஜ்’.

இலக்கணத்தில் சறுக்கும் இடங்கள்: ‘ஹிட்’ இறந்தகாலத்திலும் ஹிட்தான், ‘ஹிட்டட்’ கிடையாது. ‘பீட்’டின் இறந்தகாலமும் பீட், முற்று வடிவம் ‘பீட்டன்’. தடியின் பெயருக்கு முன்னால் ‘வித்’, அடித்தவர் பெயருக்கு முன்னால் ‘பை’. ‘பீட்டன் பை அன் அயர்ன் ராட்’ என்றால் ராடே எழுந்து வந்து அடித்த மாதிரி இருக்கும். உடல் உறுப்புக்கு முன்னிடைச்சொல் மாறும்: தலையில் என்றால் ‘ஆன் தி ஹெட்’, முகத்திலும் வயிற்றிலும் என்றால் ‘இன் தி ஃபேஸ்’, ‘இன் தி ஸ்டமக்’, முதுகில் குறுக்காகக் கம்பு பட்டால் ‘அக்ராஸ் தி பேக்’. அடிபட்டவர் பெயர் வாக்கியத்தில் வந்துவிட்டால் உறுப்புக்கு முன் ‘ஹிஸ்’ போடாமல் ‘தி’ போடுவதே ஆங்கிலத்தின் இயல்பு.

நீதிமன்றச் செய்தியில் பிரம்படி தனி வழக்கு. சட்ட ஏட்டில் ‘விப்பிங்’ என்று இருக்கும், ஆனால் சாட்டை எதுவும் கிடையாது. அரை அங்குலத்துக்கு மேற்படாத விட்டமுள்ள ரோத்தான் பிரம்பு. பத்திரிகை ஆங்கிலத்தில் ‘கேனிங்’. எண்ணிக்கைக்கு ‘ஸ்ட்ரோக்’ என்ற சொல்லே வர வேண்டும்: ஆறு பிரம்படி என்றால் ‘சிக்ஸ் ஸ்ட்ரோக்ஸ் ஆஃப் தி கேன்’, அல்லது நம் ஊர் வழக்கில் ‘ஆஃப் தி ரோத்தான்’. ‘சிக்ஸ் பீட்டிங்ஸ்’ என்றால் ஆறு தனித்தனிச் சம்பவங்களில் அடித்து நொறுக்கியதாக ஆகும். பெரியவர்களுக்கு விதிக்கக்கூடிய உச்ச எண்ணிக்கை 24. அதற்கு மேல் ஓர் எண் உங்கள் மொழிபெயர்ப்பில் வந்தால் மூலத்தை மறுபடி பாருங்கள். பல குற்றச்சாட்டுகளின் அடிகளைக் கூட்டிப் போட்டிருக்கலாம்.

கடைசியாக ‘வேக்’. பிரிட்டனில் ஓங்கி ஓர் அடி. அமெரிக்கக் குண்டர் பேச்சில் ஆளையே தீர்த்துக்கட்டுவது. பினாங்கில் ‘லெட்ஸ் வேக் நாசி கண்டார்’ என்றால் ஒரு பிடி பிடிப்போம் வா என்று அர்த்தம்; மலாயின் ‘ஹெந்தாம்’, ‘பந்தாய்’ இரண்டும் அடிக்கவும் உண்ணவும் ஒரேயடியாகப் பயன்படுவதன் சாயல் அது. நண்பர்களுக்குள் புலனச் (வாட்ஸ்அப்) செய்தியில் நன்றாக இருக்கும். வெளிநாட்டு வாசகருக்கான உணவுக் கட்டுரையில் அதை ‘டக் இன்’ என்று மாற்றிவிடுங்கள்.